நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

எட்டரை மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஆராய்ச்சிக்காரப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க என் வீட்டுக்காரருடைய மழை நோட்டுகள். வருஷத்துக்கு ஒன்று என்று முப்பத்தொரு நோட்டுகள், எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகித அட்டை. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். இவர் கையை உயர்த்தித் தடுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "ஒரு நிமிஷம்மா, வந்துடறேன்" என்று எழுந்து கொல்லைப்புறம் போனார். இரண்டு வாரமாக வானத்தில் ஒரு மேகம் கிடையாது. தரை வெடித்துக் கிடக்கிறது. அந்த மழைமானிக்குள் ஒரு சிலந்தி வேண்டுமானால் இருக்கலாம். ஆனாலும் மனிதர் போய்க் குனிந்து, புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்து, ஒன்றும் விழவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து, திரும்பி வந்து, இன்றைய கட்டத்தில் 0.0 என்று எழுதி, பேனாவை மூடினார். அதற்குப் பிறகுதான், "இப்பக் கேளும்மா" என்றார்.

மழை பெய்யாத நாளுக்கு எதற்குப் பதிவு என்று ஆரம்பத்தில் நானும் கேட்டிருக்கிறேன். "பெய்யலைங்கறதும் ஒரு சேதிதானே" என்றார். அந்தச் சேதி யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவது வேலை. தாமதமாக வருகிற டிரைவர்கள் எல்லாரும் ஒரே காரணம் சொல்வார்களாம்: வழியெல்லாம் மழை சார். நிஜமாகவே மழைதானா என்று தெரிந்துகொள்ள ஒரு மழைமானி வாங்கி வந்து கொல்லையில் நட்டார். மழை இல்லாத நாளில் மழை என்று சொன்ன மூன்று பேரை முதல் மாதமே பிடித்தார். டிரைவர்கள் சுதாரித்துக்கொண்டு டயர் பஞ்சர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இவரால் நிறுத்த முடியவில்லை. தெருவில் இவருக்கு மழைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் காலை எட்டரை என்பது யாராலும் நகர்த்த முடியாத ஒரு தூண். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று, ரயிலைத் தவறவிட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார். என் அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போய்த் தங்கியது கிடையாது. நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவள். சட்டை, பாவாடை, ஜன்னல் திரை, எது வந்தாலும் தைப்பேன். நானும்தான் நாள் முழுக்க அளக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தால் ஓர் அங்குலம் உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பேன். வளர்கிற உடம்பு, நாளைக்குப் பிரித்துவிட வேண்டாமா? இவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. "இருக்கறது எவ்வளவோ அவ்வளவுதான்" என்பார்.

ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். தனி ஆட்கள் வீட்டில் எழுதி வைத்த மழைப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். பதினோரு வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தாள். போன தடவை வந்தபோது அவள் அடையாளத்துக்குக் காகிதம் சொருகி வைத்திருந்த பக்கம் திறந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இந்த ஒரு நாள்தான் எனக்கு ரொம்ப முக்கியம்" என்றாள். "நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர். அன்னைக்கு ஏர்போர்ட்ல சைபர். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் ஒரு சொட்டு பதிவாகலை. அப்படின்னா இந்தத் தெருவுக்கு மட்டும் மேகம் உடைஞ்சு கொட்டியிருக்கு. இப்படி ஒண்ணு கிடைக்கறது அபூர்வம். என் கட்டுரையே இதை வச்சுத்தான் சார். உங்க பேரையும் போடுவோம்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகள் பிறந்தபோதுகூட அப்படிப் பூரித்துப் போய் நான் பார்த்ததில்லை. "ஏர்போர்ட்ல விழலைன்னா இங்கயும் விழலைன்னு அர்த்தமாம்மா? நானும் பதினோரு வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்" என்றவர், என் பக்கம் கையை நீட்டினார். "ஆனா அன்னைக்கு அளந்தது நான் இல்லை. நான் ஆஸ்பத்திரில கிடந்தேன். இவதான் அளந்தா. இவளையே கேளு."

"ஆன்ட்டி, மழை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? அளக்கற குவளை எத்தனை தடவை நிறைஞ்சுது?"

நான் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, பேப்பர் படிக்க வந்திருந்த மாடி வீட்டுத் தபால்காரர் கேட்காமலேயே ஆரம்பித்துவிட்டார். "அந்த மழையை மறக்க முடியுமாம்மா? வாசப்படி வரைக்கும் தண்ணி. என் புதுச் செருப்பு மிதந்து போயிடுச்சு. தேடிப் போனா ஒத்தைச் செருப்புதான் கிடைச்சுது. உள்ளே இருக்கற தங்கச்சியைக் கேளு, அவங்க பாத்தாங்க."

தங்கச்சி பார்க்கவில்லை. தங்கச்சி எதையும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு சொட்டு மழை பெய்யவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மற்றவர்கள் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்வார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குவளையைக் கண்ணு மட்டத்துல வச்சுப் பாரு. தண்ணி நடுவுல குழிஞ்சு நிக்கும், அந்தக் குழியோட அடியைத்தான் படிக்கணும். படிச்சதும் கொட்டிடணும். மறந்துடாதே, கொட்டலைன்னா மறுநாள் அளவு கெட்டுப்போயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

முதல் மூன்று நாள் உண்மையைத்தான் சொன்னேன். எவ்வளவு? சைபர். எவ்வளவு? சைபர். நடு ஹாலில் படுக்கை, ஜன்னல் கிடையாது. ஏ.சி. இரைச்சலில் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. நாலாம் நாள் அவர் "எவ்வளவு?" என்று கேட்ட குரலில் ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டுமே என்று கேட்டதுபோல் இருந்தது. என் வாயில் தானாக வந்தது. "ரெண்டரை." கண்ணைத் திறந்தார். எப்போது ஆரம்பித்தது, சாரலா, பெருந்தூறலா, காற்று எந்தப் பக்கம் என்று ஒன்பது கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தார். அப்புறம் என்ன செய்வது? தினமும் பெய்ய வைத்தேன். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் மாலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுந்து நடக்கவே மாட்டேங்கறார். இப்படியே படுத்துக் கிடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும், அப்புறம் எங்க கையில இல்லை" என்றார். மறுநாள் காலை நான் போய் நின்றதும் "எவ்வளவு?" என்றார். நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நூத்திப் பன்னெண்டா? ஏய், பாத்திரம் வழிஞ்சிருக்குமே! புனல் அடைச்சுக்கலையே?" தையல் வலித்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்துக்கொண்டே காலைக் கீழே போட்டார். ஜன்னலைத் தேடிக்கொண்டு நடைபாதைக் கோடி வரைக்கும் என் தோளைப் பிடித்தபடி நடந்தார். கோடியில் ஜன்னல் இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "பாரு, எப்படி வெளுத்து வாங்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது வானம்" என்றார். அதிலிருந்து ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்ததும் முதல் வேலையாக மருந்துச்சீட்டில் இருந்ததையெல்லாம் நோட்டில் ஏற்றினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். தன் வாழ்நாளின் பெரிய மழையைத் தன் கையால் அளக்க முடியாமல் போனதைப் பதினோரு வருஷமாகச் சொல்லித் தீர்க்கிறார். கல்யாண வீடு, துக்க வீடு, பல் டாக்டர் அறை, எங்கே உட்கார்ந்தாலும் நூற்றுப் பன்னிரண்டு. சோர்ந்து போன யாரைப் பார்த்தாலும், "நான் கிடந்த கிடைக்கு, அந்த மழைதாங்க என்னை எழுப்பி விட்டது" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் உருகிப் போவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தெருக்காரர்களுக்கும் இவர் சொல்லிச் சொல்லியே அந்த மழை ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. தபால்காரருக்குச் செருப்பு.

இத்தனை நாள் அது எங்கள் வீட்டுப் புளுகு. யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போது அச்சில் ஏறப் போகிறது. படித்தவர்கள் நாலு பேர் துருவிப் பார்த்து, இது பொய் என்று கண்டுபிடித்தால், அந்த ஒரு நாள் மட்டுமா போகும்? முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதிய மனிதரை எவன் நம்புவான்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அந்தப் பெண் நோட்டுகளை எடுத்துப் போகச் சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று புதன்கிழமை.

அவள் தலை மறைந்ததும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மழையே பெய்யலைங்க. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

சிரித்தார். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். "நீ அப்ப ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா எப்படி அலைஞ்சே. உனக்கு எது ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் இருக்குங்க. பத்தொன்பது நாளும் சைபர்."

"சரி சரி, போய்க் கொஞ்ச நேரம் படு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி வெட்கத்தை விட்டுத் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்டால், படுத்துக்கொள் என்கிறார். மறுநாள் மறுபடியும் சொன்னேன். இந்த முறை சாட்சிக்கு மகளைப் போனில் கூப்பிட்டு, சத்தமாக வைத்தார். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா நீ? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. புத்தகப்பை எல்லாம் நனைஞ்சு, விசிறிக்கு அடியில ஒவ்வொரு புத்தகமா விரிச்சு வச்சோமே" என்றாள். "அது வேற மழைடி" என்றேன். "அப்பாவை டென்ஷன் பண்ணாதம்மா" என்று போனை வைத்துவிட்டாள். இவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை. டிரைவர்களின் பொய்யைப் பிடிக்க மழைமானியே நட்ட மனிதர், கூட வாழ்பவள் பொய் சொன்னேன் என்று வாய்விட்டுச் சொல்லும்போது நம்ப மறுக்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். என் அளவு நோட்டுகள் அதில்தான் கிடக்கின்றன. இவர் நோட்டுபோல அட்டை போட்டதெல்லாம் இல்லை, எண்ணெய்க் கறையும் நூல் பிசிறுமாக இருக்கும். ஆனால் நானும் தேதி போட்டுத்தான் எழுதுவேன். அந்த வருஷத்து நோட்டைக் கண்டுபிடித்து, அந்த மாதத்தைத் திறந்து, இவருடைய நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இவர் நோட்டில் நாலாம் நாள் 2.5. என் நோட்டில் அதே தேதியில், சட்டை, காலர் அகலம் இரண்டரை. இவருடையதில் 9.0. என்னுடையதில் அரைக்கை நீளம் ஒன்பது. 14.5 என்பது ஒரு கழுத்து. 28.0 என்பது ஒரு பாவாடையின் இடுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் காலையில் எந்தத் துணியை வெட்டினேனோ அந்த எண்தான் மழையாகப் பெய்தது. இவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பதின்மூன்றாம் நாளுக்கு வந்தது. பள்ளிக்கூட மேடைக்குப் பச்சைத் திரை, உயரம் 112.

விரல் அங்கேயே நின்றது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு சொட்டுகூட விழலையா?"

"விழலைங்க."

"தபால்காரர் செருப்பு?"

"அது எங்க போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்."

"அன்னைக்கு நான் எதுக்கு எழுந்து நடந்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். அதுக்குத்தான் சொன்னேன்."

அந்தப் பக்கத்தை மூடினார். இந்த வருஷத்து நோட்டைத் தவிர மற்ற முப்பதையும் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு அந்தக் கட்டை அவிழ்த்து, அந்த ஒரு நோட்டை மட்டும் உருவி மேசையின் மறுகோடியில் தனியாக வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். எனக்கும் பதிலுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தினம் காலை முகத்தில் உயிரில்லாமல் எவ்வளவு என்று கேட்டால் நான் என்னதான் சொல்வது? சைபர் சைபர் என்று சொல்லி இவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சரியான நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? இதையெல்லாம் பாத்திரங்களிடம் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கழுவினேன்.

சனிக்கிழமை விடிகிற நேரத்துக்கு மழை பெய்தது. இத்தனை வாரம் எங்கே ஒளிந்திருந்ததோ, இன்றைக்குப் பார்த்து வந்தது. ஏழு மணிக்கு நின்றுவிட்டது. இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இவர் குளித்து, சட்டை மாற்றி, பேனாவில் மை ஊற்றி, இந்த வருஷத்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு இருபத்தைந்து ஆனது. எட்டு இருபத்தெட்டு ஆனது. எழுந்திருக்கவில்லை.

"எட்டரை ஆகப் போகுது" என்றேன்.

"ஆகட்டும்."

"நீங்க போகலையா?"

"நீ போய்ப் பாத்துட்டு வா. உனக்குத்தான் நல்லா அளக்கத் தெரியுமே."

சுரீரென்றது. முப்பத்தொரு வருஷத்தில் இந்த மனிதர் வீட்டில் இருந்துகொண்டு எட்டரைக்கு எழுந்து போகாத முதல் நாள். போங்கள், நீங்களும் உங்கள் மழையும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் காலில் அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் இறங்கினேன். சேறு. மழைமானிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார முடியாமல், புடவையோடு முழங்காலை ஊன்றினேன். புனலைக் கழற்றினேன். பாத்திரத்துத் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. கல்லின்மேல் வைத்து, தலையைத் தாழ்த்தி, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நடுவில் குழிந்துதான் நின்றது. அவர் சொன்னபடியே. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆறு, அதற்கு மேல் நாலு சின்னக் கோடு. மறுபடி எண்ணினேன். நாலு. குவளையைக் கவிழ்த்துக் கொட்டினேன், புனலை மாட்டினேன், உள்ளே வந்தேன்.

"ஆறு புள்ளி நாலு."

"குழியோட அடியைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கல்லு மேல வச்சா, கையில பிடிச்சா?"

"கல்லு மேல."

"தண்ணி?"

"கொட்டிட்டேன்."

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். நானும் அப்போதுதான் யோசித்தேன். கொட்டாமல் வந்திருக்கலாம். அவரே போய் ஒரு தடவை பார்த்திருப்பார். ஆனால் படித்ததும் கொட்டிவிட வேண்டும் என்று சொன்னதும் இவர்தான். திறந்திருந்த பின்கதவு வழியாக, கல்லின்மேல் கவிழ்த்து வைத்த குவளை தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றிக் கல் ஈரமாக இருந்தது.

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு வருகிறேன் என்ற பெண், மழை விட்டதும் முன்னதாகவே கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது. இவர் மெதுவாக உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். இன்றைய கட்டத்தில் 6 என்று எழுதினார். புள்ளி வைத்தார். பேனா முனை புள்ளியை விட்டு எழும்பவில்லை. மை சுற்றிலும் ஊறி, கடுகளவு இருந்த புள்ளி மிளகளவு ஆகிக்கொண்டிருந்தது. அவர் என் சேறு படிந்த முழங்காலைப் பார்த்தார்.

"நாலுங்க" என்றேன்.